கேமரூன் அதிபர் எங்கே இருக்கிறார்? தலைவர்களின் வெளிநாட்டு ஓய்வும் கிளம்பும் வதந்திகளும்

ஏற்காடு விருந்தகம் | 11 அக்டோபர் 2024, இரவு 9:10

கேமரூன் அதிபர் பால் பியா செப்டம்பர் முதல் வாரம் பெய்ஜிங்கில் நடந்த சீன-ஆப்பிரிக்க மாநாட்டுக்குப் போனார். அதற்கப்புறம் அவரைப் பொதுவில் யாரும் பார்க்கவில்லை. ஐ.நா. பொதுச்சபைக்கு வரவில்லை. இந்த மாதத் தொடக்கத்தில் பிரான்சில் நடந்த பிரெஞ்சு மொழி நாடுகளின் மாநாட்டுக்கும் வரவில்லை. வயது 91. இறந்தே போய்விட்டார் என்று பலர் எழுதிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை அந்நாட்டு அரசு, அவர் ஐரோப்பாவில் தனிப்பட்ட பயணத்தில் இருக்கிறார், நலமாக இருக்கிறார் என்று அறிக்கை விட்டது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில்தான் இருக்கிறார் என்கிறார்கள். புதன்கிழமை தேதி போட்டு உள்துறை அமைச்சர் இன்னொரு உத்தரவு: அதிபரின் உடல்நிலை தேசப் பாதுகாப்பு விஷயம், அதைப் பற்றி ஊடகங்களில் விவாதிக்கவே கூடாது, மீறினால் சட்டம் பாயும்.

அந்தத் தடை தப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இங்கே நான் கேட்க நினைப்பது வேறு. ஒரு மனிதர் ஓய்வெடுக்கப் போனால் அவர் எங்கே, யாரோடு, எந்த அறையில் என்று உலகமே துருவுவது சரியா? நான் மலையில் விருந்தினர் விடுதி நடத்துகிறவன். பெரிய பதவியில் இருப்பவர்கள் இங்கே வந்து தங்கியிருக்கிறார்கள். யார் வந்தார்கள் என்று என் சமையல்காரர் டீக்கடையில் கூடச் சொன்னதில்லை. எங்கள் ஏற்காட்டு மலை உச்சியில் லேடீஸ் சீட் என்ற இடத்தில் போய் ஒரு சாயங்காலம் சும்மா உட்கார்ந்து கீழே சேலம் விளக்குகளைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் வந்தால், அந்தச் சாயங்காலத்தை அவருக்குக் கொடுப்பதுதான் என் தொழில்.

2007-ல் பிரான்ஸ் அதிபர் சார்க்கோசி அமெரிக்காவில் வோல்ஃபெபரோ என்ற சின்ன ஏரிக்கரை ஊருக்கு விடுமுறைக்குப் போனார். ஏரியில் படகில் போகும்போது படம் எடுக்க வந்தவர்களின் படகிலேயே ஏறிக் கோபமாகச் சத்தம் போட்டார். பத்திரிகைகள் அதைப் பெரிய கூத்தாக்கின. எனக்கு அவர் மேல் இரக்கம்தான் வந்தது. நம் ஏரியில் குடும்பத்தோடு படகு விடுகிற யாரையும் அப்படித் துரத்தினால் நாம் சும்மா இருப்போமா?

---

அடிவாரம் டாக்ஸி | 11 அக்டோபர் 2024, இரவு 10:32

அண்ணா, நீங்கள் மறைத்தாலும் இந்தக் காலத்தில் மறையாது. ஜெனீவா விமான நிலையத்துக்கு எந்தெந்த சர்வாதிகார நாட்டு அரசு விமானம் வருகிறது, போகிறது என்று தானாகவே பதிவு போடுகிற ஒரு ட்விட்டர் கணக்கே 2016-ல் தொடங்கினார்கள். பெயர் ஜிவிஏ டிக்டேட்டர் அலர்ட். சுவிஸ் பத்திரிகையாளர் ஒருவர் செய்தது. விமானம் தன் இருப்பிடத்தை வானத்தில் சொல்லிக்கொண்டே போகும், அதைப் பிடிக்கும் கருவியை யார் வேண்டுமானாலும் வீட்டு மாடியில் வைக்கலாம். எல்லாம் தெரிந்துவிடும் என்று தெரிந்தும் வாய் திறக்காமல் இருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

---

பழைய தாசில்தார் | 12 அக்டோபர் 2024, காலை 7:05

விஜயதசமி வாழ்த்துகள். விருந்தகம் தம்பி விருந்தினர் பக்கம் நின்று பேசுகிறார். அதில் நியாயம் இருக்கிறது. நான் அலுவலகத்தின் பக்கம் நின்று பேசுகிறேன், வருவாய்த்துறையிலேயே காலம் முழுக்க இருந்தவன்.

ஒரு கிராம நிர்வாக அலுவலர் நான்கு நாள் ஊருக்குப் போக வேண்டும் என்றால் என்ன நடக்கும்? விடுப்பு விண்ணப்பம் எழுத வேண்டும். எத்தனை நாள், எதற்காக என்பதோடு விடுப்புக் கால முகவரி என்றும் ஒரு இடம் இருக்கும். தலைமையிடத்தை விட்டு வெளியே போக அனுமதி கேட்க வேண்டும். பக்கத்துக் கிராமத்து அலுவலருக்குக் கூடுதல் பொறுப்பு போட்டு உத்தரவு வரும். நீண்ட விடுப்பு என்றால் பொறுப்பு ஒப்படைப்புச் சான்றில் விட்டுப் போகிறவரும் ஏற்றுக்கொள்கிறவரும் இருவருமே கையெழுத்து போடுவார்கள். கணக்குகள், பதிவேடுகள், பீரோ சாவி வரை அதில் வரும்.

இந்த ஏற்பாடு எதற்கு? வாரிசுச் சான்றுக்காக வெயிலில் வந்து நிற்கிற ஒரு பெண்ணுக்கு அலுவலர் ஏன் லீவு என்பது தேவையில்லை. அவர் குற்றாலத்தில் இருந்தாலும் மாமியார் வீட்டில் இருந்தாலும் அந்த அம்மாவுக்குக் கவலை இல்லை. இன்றைக்கு யார் கையெழுத்து போடுவார் என்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்லாமல் அறையைப் பூட்டிவிட்டுப் போனால் வாசலில் நிற்கிறவர்கள் என்ன பேசுவார்கள்? சஸ்பெண்ட் ஆகிவிட்டார் என்பார்கள், லஞ்சத்தில் மாட்டிக்கொண்டார் என்பார்கள், ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்பார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாசலில் ஒரு தாளில் 'பொறுப்பு: இன்னார், இன்ன கிராமம்' என்று எழுதி ஒட்டினால் அந்தப் பேச்சு பாதி அடங்கிவிடும்.

கேமரூனில் அந்தத் தாள் ஒட்டப்படவில்லை. அதிபரால் தற்காலிகமாக வேலை பார்க்க முடியாவிட்டால் பிரதமருக்கு அதிகாரத்தை எழுதிக் கொடுக்க அந்நாட்டு அரசமைப்பிலேயே இடம் இருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் கூட ஓய்வெடுக்கட்டும்.

---

ஏற்காடு விருந்தகம் | 12 அக்டோபர் 2024, பிற்பகல் 3:40

ஐயா, பொறுப்பு யாரிடம் என்பது தெரிய வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடுப்புக் கால முகவரி யாருக்காக? அது மேலதிகாரிக்கு, தெருவுக்கு இல்லை. எங்களிடம் வெளிநாட்டுக்காரர் தங்கினால் சி படிவத்தை 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட் எண், விசா எண், எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார், எல்லாமே அரசாங்கத்துக்குப் போய்விடும். பக்கத்து அறைக்காரருக்கு எதுவும் போகாது. தலைவர் விஷயத்திலும் அப்படித்தானே இருக்க வேண்டும்?

(இன்றைக்கு ஏற்காட்டில் வண்டி நிறுத்த இடமில்லை. பதில் போடத் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

---

பழைய தாசில்தார் | 12 அக்டோபர் 2024, மாலை 5:15

மேலதிகாரிக்குத்தான், சரியாகச் சொன்னீர்கள். ஒரு நாட்டின் அதிபருக்கு மேலதிகாரி யார் என்று யோசித்துப் பாருங்கள் தம்பி. அவரை வேலைக்கு வைத்தவர்கள் ஓட்டுப் போட்டவர்கள். அந்தப் படிவம் அவர்கள் மேசைக்குத்தான் வர வேண்டும்.

---

லாகோஸ் போன சேலத்தான் | 12 அக்டோபர் 2024, இரவு 11:48

இந்த இழையைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. நான் நைஜீரியாவில் லாகோஸ் நகரத்தில் ஒரு இந்தியக் கம்பெனியில் கணக்கராக இருந்தவன். 2017-ல் அங்கேதான் இருந்தேன். அதிபர் புஹாரி அந்த ஜனவரியில் லண்டனுக்கு விடுமுறை என்று சொல்லிக் கிளம்பினார். அப்படியே மருத்துவப் பரிசோதனையும் என்றார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் திரும்ப வேண்டியவர் மார்ச் 10-ஆம் தேதி வந்தார். மே 7-ஆம் தேதி மறுபடி லண்டன், ஆகஸ்ட் 19 வரை, அதாவது நூறு நாளுக்கு மேல்.

அந்தக் காலத்தில் எங்கள் அலுவலகத்தில் வேறு பேச்சே கிடையாது. ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஒருவர் போனை நீட்டுவார். ஜூலையில் லண்டனில் ஆளுநர்கள் சிலரோடு அதிபர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் படத்தை வெளியிட்டார்கள். என்னோடு வேலை பார்த்தவர் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி அதிபரின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய படத்தில் இருந்த காதும் இந்தக் காதும் ஒன்றா என்று என்னிடம் கேட்டார். விளையாட்டுக்கு இல்லை, உண்மையாகவே கேட்டார். படித்தவர், பட்டயக் கணக்காளர்.

அந்தச் சந்தேகம் எவ்வளவு தூரம் போனது தெரியுமா? புஹாரி லண்டனில் இறந்துவிட்டார், சூடானிலிருந்து ஜுப்ரில் என்ற ஒருவரைக் கொண்டுவந்து அவர் இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று லட்சக்கணக்கானவர்கள் நம்பினார்கள். கடைசியில் 2018 டிசம்பரில் போலந்தின் கிராகோவ் நகரத்தில் நைஜீரியர்கள் கூட்டத்தில் அதிபரே எழுந்து, நான்தான் நிஜமான ஆள், சீக்கிரம் என் 76-ஆவது பிறந்த நாளைக் கொண்டாடப் போகிறேன் என்று சொல்ல வேண்டி வந்தது.

ஐயா சொன்ன பொறுப்பு ஒப்படைப்பு அங்கே நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். புஹாரி நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதித் துணை அதிபர் ஒசின்பாஜோவிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அதனால் அரசாங்கம் நின்றுபோகவில்லை. அதற்கு முன்னால் யாரடுவா என்றொரு அதிபர் இருந்தார். 2009 நவம்பரில் சவூதிக்குச் சிகிச்சைக்குப் போனவர் யாரிடமும் பொறுப்பைக் கொடுக்கவில்லை. ஜனவரியில் பிபிசி வானொலிக்குத் தொலைபேசியில் கொஞ்சம் பேசினார், உயிரோடு இருப்பதைக் காட்டுவதற்காக. அது அவர் குரலா என்று அதற்கும் சண்டை. பிப்ரவரியில் நாடாளுமன்றமே தீர்மானம் போட்டுத் துணை அதிபர் குட்லக் ஜோனதனைப் பொறுப்பில் உட்கார வைத்தது. மே மாதம் யாரடுவா காலமானார். அந்தக் காயம் ஆறாததால்தான் 2017-ல் புஹாரி ஊரில் இல்லை என்றதும் மக்கள் பதறினார்கள்.

ஆகையால் பொறுப்பு கொடுத்துவிட்டால் போதும் என்பதோடு நான் நிற்க மாட்டேன். புஹாரி பொறுப்பைக் கொடுத்தார், ஆனால் என்ன நோய் என்பதைச் சொல்லவே இல்லை. அந்த ஓட்டையில்தான் சூடான்காரர் நுழைந்தார்.

---

செவ்வாய்ப்பேட்டை பெரியவர் | 13 அக்டோபர் 2024, காலை 6:20

ஆப்பிரிக்கா வரை போவானேன்? 1984-ஐ நினைத்துப் பாருங்கள். அக்டோபர் 5-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். நவம்பர் 5-ஆம் தேதி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பரில் தேர்தல். ஆண்டிப்பட்டியில் நிற்கிறவர் நியூயார்க்கில் படுக்கையில். அவர் இல்லை, மறைக்கிறார்கள் என்று சேலத்தில் பேசாத திண்ணை இல்லை. எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறை வேலையாட்கள் வேலையை நிறுத்திவிட்டு ரேடியோ பக்கம் வந்து நிற்பார்கள். நம் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸில் நடித்துப் பெயர் எடுத்தவர் அல்லவா, சேலத்துக்காரர்களுக்கு அவர் வீட்டு மனிதர் போல.

அப்போது என்ன செய்தார்கள்? அவர் அமெரிக்க ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பதையும் சாப்பிடுவதையும் படம் பிடித்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். பார்த்த பெண்கள் அழுதார்கள். ஓட்டு மழையாகக் கொட்டியது. பிப்ரவரி 4-ஆம் தேதி திரும்பி வந்தார்.

நேரில் பார்க்க முடியாத ஆளைப் படத்திலாவது காட்ட வேண்டும் என்பது 40 வருஷம் முன்னாலேயே நம் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. கேமரூன்காரர்கள் ஏன் ஒரு சின்ன வீடியோ கூட விடவில்லை?

---

ஐந்துரோடு பந்து | 13 அக்டோபர் 2024, காலை 11:02

1990 உலகக் கோப்பையில் ரோஜர் மில்லா கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் இடுப்பை ஆட்டி ஆடினாரே, ஓய்விலிருந்த அவரைத் திரும்ப அணியில் சேரச் சொல்லிக் கேட்டதே இந்த பியாதான். 38 வயதில் நான்கு கோல். அந்த அதிபர் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார் என்பது இந்த இழையைப் படித்த பிறகுதான் உறைத்தது.

---

அஸ்தம்பட்டி வாசகி | 13 அக்டோபர் 2024, மாலை 4:30

பந்து தம்பி சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். பியா 1982 நவம்பர் 6-ஆம் தேதி அதிபரானார். கேமரூனில் பாதிப் பேருக்கு மேல் 20 வயதுக்குள். அவர்களுடைய அப்பா அம்மாவில் பலருக்கும் வேறு அதிபரைத் தெரியாது. அதனால் அவர் எங்கே என்று அங்கே ஒருவர் கேட்பதை நான் வம்பாகப் பார்க்க மாட்டேன். அந்த மனிதர் போய்விட்டால் தன் நாட்டில் என்ன நடக்கும் என்ற பயம் அது. அங்கே துணை அதிபர் கிடையாது. இடம் காலியானால் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் தலைவர் இடைக்கால அதிபராக உட்கார வேண்டும், 20 நாளிலிருந்து 120 நாளுக்குள் தேர்தல் நடக்க வேண்டும். அந்த செனட் தலைவருக்கும் 90 ஆகப்போகிறது. ஆங்கிலம் பேசும் மேற்குப் பகுதிகளில் 2016-லிருந்தே கொந்தளிப்பு, ஆயுதச் சண்டை. இந்த நிலையில் ஒரு மாதமாக ஆளைக் காணோம் என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

விருந்தகம் அண்ணா, உங்கள் விடுதியில் ஒரு மந்திரி இரண்டு நாள் தங்குவதற்கும் இதற்கும் ரொம்ப தூரம். பியா ஜெனீவாவில் இன்டர்கான்டினென்டல் ஓட்டலில் வருஷா வருஷம் தங்குவது ஊரறிந்தது. 2018-ல் புலனாய்வுப் பத்திரிகையாளர்கள் அரசுச் செய்தித்தாள்களின் பழைய இதழ்களைப் புரட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அதிபரானதிலிருந்து 'குறுகிய தனிப்பட்ட பயணம்' என்று வெளிநாட்டில் கழித்த காலம் மட்டும் குறைந்தது நாலரை வருஷம் வந்தது. 2019-ல் அந்த ஓட்டல் முன்னால் கேமரூன்காரர்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். செய்தி எடுக்கப் போன சுவிஸ் பத்திரிகையாளரை மெய்க்காவலர்கள் தாக்கினார்கள், சுவிட்சர்லாந்தில் அவர்களுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. இதை ஓய்வு என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. வேலை பார்க்கிற இடத்தையே வெளிநாட்டுக்கு மாற்றிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

அந்தத் தடை உத்தரவைப் பற்றி யாரும் நிறுத்திப் பேசாதது எனக்கு வருத்தம். ரேடியோ, டிவி, சமூக ஊடகம் எல்லாவற்றையும் கண்காணிக்கக் குழு போடச் சொல்லி ஆளுநர்களுக்கு உத்தரவு போயிருக்கிறது. நாம் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு தட்டுவடை செட்டைக் கடித்தபடி அவர் இருக்கிறாரா இல்லையா என்று எழுதுகிறோம். அங்கே தலைநகர் யாவுண்டேயில் ஒரு பெண் இதே பதிவைப் போட்டால் அவள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

---

சிட்னி அம்மாபேட்டை | 13 அக்டோபர் 2024, இரவு 7:55

எல்லா நாட்டிலும் இது நடக்கிறது அக்கா, சர்வாதிகாரம் தேவையில்லை. 2019 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் காடுகள் பற்றி எரிந்தன. சிட்னியில் பகலிலேயே வானம் செம்மஞ்சளாக இருக்கும். துணி காயப் போட்டால் சாம்பல் வந்து உட்காரும். குழந்தைகளை வெளியே விட முடியாது. அந்த நேரத்தில் பிரதமர் ஸ்காட் மோரிசன் எங்கே என்று கேள்வி வந்தது. ஹவாயா என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது அவர் அலுவலகம் அது உண்மையில்லை என்றது. அப்புறம் ஹவாய் கடற்கரையில் அவரோடு ஆஸ்திரேலியச் சுற்றுலாக்காரர்கள் எடுத்த படம் வெளிவந்தது. தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் இறந்த பிறகுதான் அவசரமாகத் திரும்பினார். அதற்கு முன்னால் ரேடியோவில், தண்ணீர்க் குழாயைப் பிடிக்கிறவன் நானில்லை என்று சொன்னது இன்னும் இங்கே யாருக்கும் மறக்கவில்லை.

தாசில்தார் ஐயா கவனிக்க: துணைப் பிரதமரிடம் முறைப்படி பொறுப்பு இருந்தது. கையெழுத்துப் போட ஆள் இருந்தார். ஆனாலும் மக்கள் கொதித்தார்கள். குடும்பத்தோடு நாலு நாள் போகிறேன் என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தால் பாதிப் பேர் சரி போய்ட்டு வாங்க என்றிருப்பார்கள். அவர் ஹவாயில் இல்லை என்று அலுவலகம் சொன்னதுதான் ஆறவில்லை.

---

ஏற்காடு விருந்தகம் | 13 அக்டோபர் 2024, இரவு 10:20

கூட்டம் கொஞ்சம் வடிந்தது, இப்போதுதான் உட்கார்ந்தேன்.

சிட்னி தம்பி சொன்னதில் எனக்கு ஒரு கோடு கிடைக்கிறது. என் விடுதிக்கு வந்து 'இன்னார் இங்கே தங்கியிருக்கிறாரா' என்று யாராவது கேட்டால் 'விருந்தினர் பற்றிச் சொல்வதில்லை' என்பேன். 'இல்லை' என்று சொல்ல மாட்டேன். இரண்டும் ஒன்றில்லை. முதலாவதில் கேட்டவருக்கு வருத்தம் இருக்கலாம், ஆனால் நாளைக்கு உண்மை தெரிந்தால் என் மேல் நம்பிக்கை போகாது. தலைவர்களின் அலுவலகங்கள் இந்தக் கோட்டைத் தாண்டாமல் இருந்தாலே போதும். அறை எண் வேண்டாம், குடும்பப் படம் வேண்டாம். நாட்டில் இல்லை, இன்ன தேதிவரை ஓய்வு, பொறுப்பு இன்னாரிடம்.

---

மூக்கனேரி | 14 அக்டோபர் 2024, காலை 9:14

எல்லோரும் சுற்றி வளைத்துப் பேசுகிறீர்கள். ஆள் இறந்து இரண்டு வாரம் ஆச்சு, எனக்கு வந்த ஆடியோவில் பிரெஞ்சில் ஒரு டாக்டரே சொல்கிறார். நெருப்பில்லாமல் புகையாது. [இணைப்பு நீக்கப்பட்டது]

---

நெறியாளர் | 14 அக்டோபர் 2024, காலை 9:40

யார் பேசுகிறார், எந்த ஆஸ்பத்திரி என்று எதுவும் இல்லாத ஆடியோ இணைப்பை நீக்கியிருக்கிறேன். கருத்து சொல்லுங்கள், தடையில்லை. உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத ஒருவருக்கு இந்த மன்றத்தில் இரங்கல் போட வேண்டாம்.

---

அடிவாரம் டாக்ஸி | 14 அக்டோபர் 2024, காலை 10:25

மூக்கனேரி நண்பரே, இந்த மாதிரி ஆடியோவால் வயிற்றில் அடி வாங்குகிறவன் நான், அதனால் சொல்கிறேன். மழை பிடித்தால் போதும், மலைப்பாதையில் பாறை உருண்டுவிட்டது, 20 கொண்டை ஊசியும் மூடிவிட்டார்கள் என்று பழைய படத்தைப் போட்டு வாட்ஸப்பில் விடுவார்கள். படத்தில் இருப்பது நம் மலைகூட இல்லை, வேறெங்கோ உள்ள மலை. பெங்களூரிலிருந்து புக் பண்ணியவர் ராத்திரியே ரத்து செய்துவிடுவார். நான் காலையில் அடிவாரம் செக்போஸ்ட்டில் நின்று அந்த நிமிஷத்து வீடியோ எடுத்து அனுப்புவேன்: செக்போஸ்ட், பஸ் மேலே ஏறுவது, என் கைக்கடிகாரம். அப்படியும் சிலர் நம்ப மாட்டார்கள்.

இதில் நான் தெரிந்துகொண்டது, கலெக்டர் அலுவலகத்திலிருந்து பாதை திறந்திருக்கிறது என்று காலையிலேயே அறிவிப்பு வந்த நாளில் இந்தப் படங்கள் ஓடுவதில்லை. அறிவிப்பு மத்தியானம் வந்தால் அதற்குள் படம் சென்னைவரை போய்விடுகிறது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அந்த வாய் திறப்பதற்கு முன்னால் நாம் பேசிவிட வேண்டும்.

---

அஸ்தம்பட்டி வாசகி | 14 அக்டோபர் 2024, மதியம் 1:12

மூக்கனேரிக்கு ஒரு பழைய செய்தி. 2004 ஜூனில் இதே பியா இறந்துவிட்டார் என்று வதந்தி கிளம்பியது. அப்போதும் அவர் ஜெனீவாவில்தான் இருந்தார். நாடு திரும்பியவர், என் இறுதிச் சடங்கில் ஆர்வமாக இருப்பவர்கள் இன்னும் 20 வருஷம் கழித்து வந்து பார்க்கட்டும் என்றார். அந்த 20 வருஷம் இந்த ஜூனோடு முடிந்தது. இப்போது வதந்தி பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், அவர் சொன்ன கெடுவை அங்கே எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

ஒழுங்காகச் செய்தவர்களையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் மெர்க்கெல் 2013 கிறிஸ்துமஸ் விடுமுறையில் சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கும்போது விழுந்தார். இடுப்பெலும்பில் முறிவு. ஜனவரி 6-ஆம் தேதி அவருடைய செய்தித் தொடர்பாளர் வந்து என்ன அடி, எத்தனை வாரம் படுத்திருக்க வேண்டும், எந்தப் பயணங்கள் ரத்து என்று சொல்லிவிட்டார். அதோடு பேச்சு முடிந்தது. அவர் காதை யாரும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

அதே சமயம் பத்திரிகைகள் எல்லாம் நியாயமாக நடந்தன என்றும் சொல்ல மாட்டேன். 1979 ஜனவரியில் பிரிட்டனில் வேலைநிறுத்தங்கள். பிரதமர் காலகன் கரீபியன் தீவு ஒன்றில் நடந்த உச்சி மாநாட்டிலிருந்து திரும்பி வந்தார். விமான நிலையத்தில் நிருபர்களிடம், வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இங்கே குழப்பம் பெருகுகிறது என்று நினைக்க மாட்டார்கள் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். மறுநாள் ஒரு பத்திரிகை 'நெருக்கடியா? என்ன நெருக்கடி?' என்று தலைப்புப் போட்டது. அவர் அந்த வார்த்தைகளைச் சொல்லவே இல்லை. இன்றைக்கும் அவர் பெயரோடு அதுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மே மாதத் தேர்தலில் தோற்றார்.

---

மூக்கனேரி | 14 அக்டோபர் 2024, இரவு 8:01

அரசாங்கம் சொல்வதை மட்டும் நம்பு என்கிறீர்களா? யாரடுவா விஷயத்தில் சந்தேகப்பட்டவர்கள்தானே கடைசியில் சரியாக இருந்தார்கள்?

---

லாகோஸ் போன சேலத்தான் | 14 அக்டோபர் 2024, இரவு 9:33

நல்ல கேள்வி தம்பி, இதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. யாரடுவா விஷயத்தில் நிஜமாக வேலை செய்தது எது? வழக்கறிஞர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தலைநகர் அபுஜாவில் ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். கேட்டது ஒன்றுதான்: அதிபரால் வேலை பார்க்க முடியுமா முடியாதா, முடியாவிட்டால் துணை அதிபரிடம் கொடுங்கள். நாடாளுமன்றம் அசைந்தது அதனால். புஹாரி விஷயத்தில் காதைப் பார்த்தவர்கள் என்ன கேட்டார்கள்? ஒன்றும் கேட்கவில்லை, சூடான்காரர் கதையைப் பரப்பினார்கள். அதனால் என்ன ஆயிற்று என்றால், என்ன சிகிச்சை, யார் செலவு என்று நியாயமாகக் கேட்டவர்களையும் அதே கூட்டத்தில் சேர்த்து அரசாங்கம் ஒதுக்கிவிட்டது. சந்தேகப்படுங்கள், ஆனால் பதில் வரக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்.

---

ஏற்காடு விருந்தகம் | 22 அக்டோபர் 2024, காலை 8:05

நேற்று பியா யாவுண்டே வந்து இறங்கிவிட்டார். மனைவியோடு விமானத்திலிருந்து இறங்கி வருவதை அரசுத் தொலைக்காட்சி காட்டியது. வழி நெடுக ஆதரவாளர்கள் அவர் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நல்லபடியாகத் திரும்பியதில் எனக்கு நிம்மதி.

---

செவ்வாய்ப்பேட்டை பெரியவர் | 22 அக்டோபர் 2024, காலை 8:50

நடந்து வந்தாரா, பிடித்துக்கொண்டு வந்தாரா? அதைச் சொல்லுங்கள்.

---

ஏற்காடு விருந்தகம் | 22 அக்டோபர் 2024, காலை 9:02

நடந்துதான் வந்தார் ஐயா. 91 வயதுக்காரர் நடப்பது போல.

---

பழைய தாசில்தார் | 22 அக்டோபர் 2024, காலை 10:15

வந்தது நல்லது. ஆனால் ஆறு வாரத்துக்கு மேல் அந்த நாட்டில் பொறுப்பு யாரிடம் இருந்தது? பெய்ஜிங் மாநாட்டிலிருந்து நேற்றுவரை நடந்ததற்கு ஒப்படைப்புச் சான்று எங்கே? வரவேற்பு ஊர்வலத்தில் இந்தக் கேள்வி மறைந்துபோகக் கூடாது. ஆள் திரும்பி வந்த அன்றே கோப்பை மூடிவிடுவது எல்லா அலுவலகத்திலும் நடக்கிறதுதான், அடுத்த முறை லீவு போடும்போது அதே கதை மறுபடி நடக்கும்.

---

அஸ்தம்பட்டி வாசகி | 22 அக்டோபர் 2024, மாலை 6:44

அடுத்த முறை வெகு தூரத்தில் இல்லை ஐயா. அங்கே அதிபர் பதவிக்காலம் 7 வருஷம், 2018-ல் ஜெயித்தது அடுத்த வருஷத்தோடு முடிகிறது. எத்தனை முறை நிற்கலாம் என்ற வரம்பை 2008-லேயே அரசமைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் 2025-ல் அவரே மறுபடி நின்றாலும் சட்டம் தடுக்காது. வரும் சனிக்கிழமை அந்த செனட் தலைவருக்கு 90 முடிகிறது. ஊடகத் தடை உத்தரவைத் திரும்பப் பெறச் சொல்லிப் பத்திரிகையாளர் அமைப்புகள் குரல் கொடுத்திருக்கின்றன. அதிபர் வந்துவிட்டார் என்ற செய்தியோடு நாம் இதை விட்டுவிட வேண்டாம், அந்த உத்தரவு என்ன ஆகிறது என்று யார் கண்ணில் பட்டாலும் இங்கேயே போடுங்கள்.